யாரைக் கேட்டு விதியை மாற்றுகிறார்கள்?

“முதலாளி இல்லாவிட்டால் தொழில் நடக்குமா? மேஸ்திரி அதட்டாவிட்டால் எவனாவது வேலை செய்வானா?”

ஆலை வாசலில் கூட்டம் போட்டாலும் சரி, வயற்காட்டுக் கிராமத்தில் கூட்டம் போட்டாலும் சரி, இந்தக் கேள்வி நம்மைத் தேடி வந்துவிடுகிறது. கேட்பவர்கள் எல்லோரும் நம் விரோதிகள் அல்ல. நம் தொழிலாளிகளே கேட்கிறார்கள். தலைக்கு மேல் ஒருவன் நின்று உத்தரவு போடுவதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு வழி புலப்படுவதில்லை.

இதற்குப் பதில் சொல்லப் பழைய சரித்திரத்தைப் புரட்ட வேண்டியதில்லை. நம் காலத்திலேயே, கம்ப்யூட்டர் தொழிலிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அது நம் வீட்டு வாசல் வரைக்கும் வந்தும் இருக்கிறது. 2011-இல் தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த யந்திரத்தில் ‘விண்டோஸ்’ என்பதன் பக்கத்தில் ‘பாஸ்’ என்று இன்னொன்றும் இருந்தது. ஜெகதாப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளையும், ஆலங்குடிப் பக்கத்து விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் அதைத் திறந்து பார்த்திருக்கலாம். அந்த ‘பாஸ்’ சென்னையில் உள்ள சி-டாக் என்ற பொதுத்துறை ஸ்தாபனம் தயாரித்தது. அதற்கு அஸ்திவாரம் ‘டெபியன்’. டெபியனை எந்த முதலாளியும் தயாரிக்கவில்லை!

மூட்டைக்கு ஒரு விதி

டெபியன் என்பது என்ன? கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் தொகுதி அது. 1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கி வைத்தார். இன்று பல தேசங்களில் பரவியிருக்கும் சுமார் 1,000 உறுப்பினர்களும், அவர்களுக்குத் துணை நிற்கும் இன்னும் பலரும் அதை நடத்தி வருகிறார்கள். டெபியன் இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. பங்குதாரர் கிடையாது, இலாபம் கிடையாது. தங்கள் தலைவரை ஆண்டுதோறும் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1998-இல் தங்களுக்கென ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள். யாரும் யாரையும் வேலை செய்யும்படி நிர்ப்பந்திக்க முடியாது என்று அந்தச் சாசனமே சொல்கிறது. 2023 செப்டம்பரில் நம் அண்டை மாநிலத்துக் கொச்சியில் இவர்களுடைய சர்வதேச மாநாடு நடந்தது.

இவர்கள் செய்யும் வேலை, மூட்டை கட்டும் வேலை. பஞ்சாலைத் தொழிலாளிக்கு இது எளிதில் புரியும். ஆலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு நூல் மூட்டையிலும் சீட்டு ஒட்டுகிறோம். என்ன கவுண்ட், எந்த லாட், எவ்வளவு எடை என்று அதில் இருக்கும். 40-ஆம் கவுண்ட் மூட்டையில் 60 என்று சீட்டு ஒட்டி அனுப்பினால் என்ன ஆகும்? தறிக்காரன் பாவு முழுவதும் பாழாகும். அதே மாதிரி டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு மூட்டை. அதன் பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, அது ஓட வேறு எந்தெந்த மூட்டைகள் கூட இருக்க வேண்டும் என்பதெல்லாம் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். இப்படி 60,000-க்கும் மேற்பட்ட மூட்டைகள் இருக்கின்றன. ஒருவர் கட்டியதை முகம் தெரியாத இன்னொருவர் நம்பி எடுத்துப் பயன்படுத்துகிறார். பொது விதி இல்லாவிட்டால் ஒரு நாள் ஓடாது.

அந்த விதியை எழுதியது யார்? மூட்டை கட்டுகிறவர்களே எழுதினார்கள். இதுதான் நாம் கவனிக்க வேண்டிய முதல் விஷயம்.

இது நமக்கு அந்நியமான சங்கதியல்ல. பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் 1970-களில் மோதல் முற்றியது. விசைப்படகின் மடி நாட்டுப்படகுக்காரன் வலையை அறுத்துக்கொண்டு போயிற்று. அந்தச் சண்டையிலிருந்துதான் நாள் பிரித்துத் தொழில் செய்யும் ஏற்பாடு பிறந்தது. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஒரே கடலில் இரண்டு விதத் தொழில் நடக்க வேண்டுமானால், தொழில் செய்கிறவன் வாயிலிருந்து வந்த விதிதான் நிலைக்கும்.

மொழி மாறியபோது வந்த சோதனை

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழிகளில் ‘பைத்தான்’ என்று ஒன்று. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம் உருவாக்கி 1991-இல் வெளியிட்டது. உலகமெங்கும் இலட்சக்கணக்கானவர்கள் அதில் எழுதினார்கள். டெபியனில் ஆயிரக்கணக்கான மூட்டைகள் அந்த மொழியை நம்பியிருந்தன. 2008 டிசம்பரில் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. பழைய இரண்டாம் பதிப்பில் எழுதியது பலவும் புதியதில் ஓடாது!

ஏன் மாற்றினார்கள்? பழையதில் கோளாறு இருந்தது. ஒரு கணக்கைப் பாருங்கள். 7 ரூபாயை 2 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு மூன்றரை ரூபாய். பழைய பைத்தானிடம் 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் 3 என்று சொல்லும். மிச்சம் ஒரு ரூபாய் எங்கே போயிற்று? முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை விழுங்கிவிடுவது அதன் சுபாவம். புதிய பைத்தான் 3.5 என்று சரியாகச் சொல்லும். பீஸ்-ரேட்டில் கூலி வாங்குகிறவனுக்கு அந்த அரை எவ்வளவு பெரிது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, நம் மொழி சம்பந்தப்பட்டது. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பழைய பைத்தானிடம் சாதாரணமாகக் கேட்டால் 15 என்று சொல்லும். ஆங்கில எழுத்துக்கு ஒரு கட்டம் போதும். நம் எழுத்தையும் குறியையும் தனித்தனியே மூன்று மூன்று கட்டமாகச் சேமித்து, கட்டங்களையே எழுத்து என்று எண்ணிவிட்டது அது. புதிய பைத்தான் எல்லா மொழிக்கும் பொதுவான ‘யூனிகோட்’ முறையை அடிப்படையாக ஏற்றுக்கொண்டது. இப்போது 5 என்கிறது. அதாவது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. முழுதும் சரியில்லை, ஆனால் பாதை சரி. மூன்று என்று எண்ண வைக்கத் தமிழ்த் தொண்டர்கள் ‘ஓப்பன் தமிழ்’ என்ற நிரல் தொகுப்பைச் செய்து பொதுவில் வைத்தார்கள். ‘எழில்’ என்று தமிழிலேயே கட்டளை எழுதும் மொழியும் பைத்தானின் மீது கட்டப்பட்டதுதான்.

ஆகவே மாற்றம் அவசியம். நாம் யந்திரத்துக்கும் விரோதி அல்ல, மாற்றத்துக்கும் விரோதி அல்ல. மாற்றத்தை எப்படிச் செய்வது, அதன் பாரம் யார் தலையில் விழுவது என்பதே கேள்வி.

புது மடை திறக்குமுன் பழைய மடையை அடைக்காதே

டெபியன் தொண்டர்கள் செய்ததைக் கவனியுங்கள்.

முதலாவது, பெயரில் குழப்பம் கூடாது என்றார்கள். புதிய மொழிக்கான மூட்டைகளின் பெயர் ‘பைத்தான்3’ என்றே தொடங்க வேண்டும் என்று விதி செய்தார்கள். பழையதும் புதியதும் ஒரே யந்திரத்தில் ஒன்றையொன்று மிதிக்காமல் அருகருகே இருக்க இடம் பிரித்தார்கள். வெறும் ‘பைத்தான்’ என்று அழைத்துவந்த பெயரைச் சத்தமில்லாமல் புதியதன் பக்கம் திருப்பிவிடவில்லை. திருப்பியிருந்தால் என்ன ஆகும்? பழைய முறையை நம்பி எழுதிய கணக்கு, பிழை என்று கூவாமலே வேறு விடை சொல்லும். நின்றுபோகும் யந்திரத்தை ரிப்பேர் பார்க்கலாம். ஓடிக்கொண்டே தப்புக் கணக்குச் சொல்லும் யந்திரத்தை யார் பார்ப்பது? 2010-இல் ‘ஆர்ச்’ என்ற இன்னொரு தொகுதிக்காரர்கள் பெயரை உடனே திருப்பினார்கள். டெபியன் பொறுத்திருந்தது.

இரண்டாவது, தவணை கொடுத்தார்கள். பழைய மொழிக்கு 2015-இல் ஆதரவு நிற்கும் என்று பைத்தான் குழு முதலில் சொல்லியிருந்தது. பல பேரால் மாற முடியவில்லை என்று தெரிந்ததும் 2014-இல் அந்தத் தவணையை 2020 வரை நீட்டித்தது. 2012-இல், மாறுகிறவர்களுக்குச் சங்கடம் தந்த ஒரு கண்டிப்பையும் தளர்த்தி, பழைய எழுத்துமுறை ஒன்றை மறுபடி அனுமதித்தது. கீழே இருந்து குரல் வந்தது, மேலே இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள்.

மூன்றாவது, அகற்றும்போதும் ஒழுங்கு வைத்தார்கள். 2019-இல் டெபியனில், பழைய மொழியை நம்பியிருந்த ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனியே புகார்ப் பதிவு போட்டு, எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். எந்த மூட்டையையும் வேறொரு மூட்டை நம்பியிருக்கும்வரை அகற்றக்கூடாது என்பது முறை. யாரும் நம்பாத நுனி இலையை முதலில் பறிப்பது, பிறகு கொப்பு, பிறகு கிளை, கடைசியில் வேர். புது மடை திறக்குமுன் பழைய மடையை அடைத்தால் பயிர் காய்ந்துபோகும் என்பது நம் விவசாயிக்குத் தெரியாதா? அதே புத்திதான் இது.

2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-ஆம் பதிப்பில் பழைய மொழியின் மிச்சம் கொஞ்சம் இருந்தது. 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில் அது முற்றிலும் போயிற்று. 2008-இலிருந்து எண்ணினால் 14 ஆண்டுக்கு மேல்! உத்தரவு போட ஒரு மானேஜர் இல்லை, சம்பளத்தைப் பிடிப்பேன் என்று மிரட்ட ஒரு மேஸ்திரி இல்லை. வேலை நடந்து முடிந்தது.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. பைத்தானை உருவாக்கிய வான் ராசத்துக்கு ‘ஆயுட்கால சர்வாதிகாரி, ஆனால் நல்லவர்’ என்று தோழர்கள் வேடிக்கையாகப் பட்டம் வைத்திருந்தார்கள். 2018 ஜூலையில் அவர் தாமாகவே அந்த ஸ்தானத்திலிருந்து விலகினார். 2019 முதல், தேர்ந்தெடுக்கப்பட்ட 5 பேர் குழு நடத்துகிறது. நல்ல சர்வாதிகாரியை விடவும் தேர்தலே மேல் என்று கம்ப்யூட்டர்க்காரர்களுக்கும் புரிந்துவிட்டது!

கூலிக்காரனுக்கு மட்டும் வேறு நியாயமா?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். கம்ப்யூட்டர் விதி மாறினால் நமக்கென்ன என்று எந்த விவசாயத் தொழிலாளியும் இனிச் சொல்ல முடியாது. நம் கூலி கம்ப்யூட்டர் வழியாகத்தான் வருகிறது.

நூறு நாள் வேலையில் மத்திய சர்க்கார் என்ன செய்தது? வருகையைச் செல்போன் செயலியில்தான் பதிய வேண்டும், ஒரு நாளில் இரண்டு வேளை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்துக்கும் கட்டாயமாக்கியது. கண்மாய்க் கரையில் சிக்னல் கிடைக்காவிட்டால்? போன் பழுதானால்? இரண்டாவது போட்டோ ஏறாவிட்டால்? வெயிலில் மண் சுமந்த மனுஷி கண் முன்னால் நிற்கிறாள், யந்திரமோ அவள் வரவில்லை என்கிறது! யந்திரத்தின் சொல்தான் எடுபடுகிறது. 2023 பிப்ரவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் உட்கார்ந்து போராடினார்கள். செயலி போகவில்லை. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்று அடுத்த கட்டாயம் வந்தது. பெயரில் ஓர் எழுத்து ஆதாரில் ஒரு விதமாகவும் வேலை அட்டையில் வேறு விதமாகவும் இருந்தால் அலைய வேண்டியவள் அவள்தான்.

பழைய முறையும் புதிய முறையும் அருகருகே இருக்க இடம் கொடுத்தார்களா? மஸ்டர் ரோல் ஏட்டில் கைப்பட எழுதியதைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டு, செயலி தவறும் இடத்தில் அதன்படி கூலி கொடுப்பதில் என்ன கஷ்டம்? யாரை நம்பி யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, நுனியிலிருந்து மாற்றினார்களா? இல்லை. வேரையே முதலில் அறுத்தார்கள்.

கடைசியில் அந்தச் சட்டத்தையே அறுத்தார்கள். 2025 டிசம்பரில் புதிய மசோதாவைக் கொண்டுவந்து, ஒரு வாரத்துக்குள் இரு சபைகளிலும் நிறைவேற்றி, நூறு நாள் வேலைச் சட்டத்தின் இடத்தில் வேறு சட்டத்தை வைத்துவிட்டார்கள். ஆலைத் தொழிலாளிக்கும் இதே கதைதான். 29 தொழிலாளர் சட்டங்களை 4 சட்டத்தொகுப்புகளாகச் சுருக்கினார்கள். அவற்றில் மூன்றை 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் வெளியே நின்ற நேரத்தில் நிறைவேற்றினார்கள். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்ததாக அறிவித்தார்கள். 2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்குப் பேசி, நள்ளிரவில் 500, 1,000 ரூபாய் நோட்டைச் செல்லாமல் ஆக்கியதை மறந்துவிட்டோமா?

சம்பளமில்லாத தொண்டர்கள் ஒரு கம்ப்யூட்டர் மொழியை மாற்ற 14 ஆண்டு பொறுத்தார்கள். கோடிக்கணக்கான உழைப்பாளிகளின் சோற்றை மாற்ற இவர்களுக்கு 4 மணி நேரம் போதுமாயிற்று. எது நாகரிகம்? எது காட்டுமிராண்டித்தனம்?

“இப்படிப் பொறுத்துக்கொண்டே இருந்தால் தேசம் எப்போது முன்னேறுவது?” என்று சில படித்தவர்கள் கேட்பார்கள். 14 ஆண்டு நீளம்தான், மறுக்கவில்லை. இன்னும் சீக்கிரம் முடித்திருக்கலாம் என்று அந்தத் தொண்டர்களிலேயே சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த 14 ஆண்டிலும் யந்திரம் நிற்கவில்லை, வேலை நிற்கவில்லை. அவசரப்பட்ட இடத்தில் நின்றது கூலி. எந்த முன்னேற்றம் அது?

இனாம் உழைப்பு யார் பைக்குப் போகிறது?

டெபியன் மாதிரியான பொது உழைப்பைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போனால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்கள் ஆவோம். மறு பாதி இது. இந்தத் தொண்டர்கள் பொதுவில் வைத்ததை எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஏகபோக முதலாளிகளும் எடுத்துக்கொள்கிறார்கள். உலகத்தின் பெரிய இணையக் கம்பெனிகளின் யந்திரங்களில் இப்படிப்பட்ட பொது மென்பொருள்தான் ஓடுகிறது. இலாபம் அவர்களுக்கு, பாரம் தொண்டனுக்கு.

2014 ஏப்ரலில் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்ற பூட்டு மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. உலகத்தின் வங்கிகளும் வியாபாரமும் நம்பியிருந்த பூட்டு அது. அதைப் பராமரித்தவர்களுக்கு அதுவரை வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்! 2024 மார்ச்சில் ‘எக்ஸ்.இசட்.’ என்ற சிறிய மென்பொருளில் ஒரு கள்ள வாசல் வைத்திருந்தது அம்பலமாயிற்று. சம்பளமில்லாமல் பல ஆண்டு தனியாகச் சுமந்து களைத்துப்போன ஒரு மனிதரிடம், உதவிக்கு வருவதாகச் சொல்லி இரண்டு ஆண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து ஒருவன் நுழைந்திருந்தான். டெபியனின் சோதனைப் பதிப்பில் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளர் தேடிக் கண்டுபிடித்தார். மூலநிரல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருந்ததால் பிடிபட்டது. பூட்டி வைத்த முதலாளி சரக்காக இருந்தால்?

ஆகவே தொண்டு உயர்ந்தது என்று மாலை போட்டுவிட்டு, தொண்டனைப் பட்டினி போடுவது நியாயமல்ல. பதிலித் தொழிலாளியை வருஷக்கணக்கில் பதிலியாகவே வைத்து வேலை வாங்கும் ஆலை முதலாளிக்கும், பொது உழைப்பை இனாமாக வாரிக்கொள்ளும் கம்ப்யூட்டர் முதலாளிக்கும் என்ன வித்தியாசம்? பொதுவான உழைப்புக்குப் பொதுப் பணம் வேண்டும். கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசு ‘கைட்’ என்ற ஸ்தாபனத்தை வைத்து, பள்ளிக் கம்ப்யூட்டர்களில் பொது மென்பொருளையே ஓட்டுகிறது. 2019-இல் சுமார் 2 இலட்சம் கம்ப்யூட்டர்களுக்குப் புதிய பதிப்பை ஏற்றினார்கள். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய லைசென்ஸ் பணம் மிச்சம். பிள்ளைகள் யந்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து பார்க்கலாம்.

நாம் கேட்பது என்ன?

உழைப்பாளியின் கூலியையும், ரேஷனையும், பென்ஷனையும் தீர்மானிக்கும் எந்த மென்பொருளானாலும் அதன் மூலநிரல் பொதுவில் இருக்க வேண்டும். நம் கூலியைக் கணக்கிடும் சூத்திரம் நமக்கு ஏன் இரகசியம்? 7-ஐ 2-ஆல் வகுத்து அரை ரூபாயை விழுங்குகிறதா இல்லையா என்று பார்க்க நமக்கு உரிமை உண்டு.

அதன் விதியை மாற்றுமுன் நகலைத் தமிழில் வெளியிட்டு, தொழிற்சங்கங்களிடமும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களிடமும் மீனவர் சங்கங்களிடமும் அபிப்பிராயம் கேட்க வேண்டும். கடலுக்குப் போகிறவனைக் கேட்காமல் படகில் கருவி பொருத்தும் விதியும் கூடாது.

புதியது நிலைபெறும்வரை பழைய முறை கூடவே செல்லுபடியாக வேண்டும். யந்திரம் தவறினால் அந்த நாள் கூலி சர்க்கார் பொறுப்பு, தொழிலாளி பொறுப்பல்ல என்று சட்டத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு புகாரும் நம்பர் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி பதிவாக வேண்டும். பஞ்சாயத்து ஆபீசின் மேஜை அறைக்குள் மனு காணாமல் போகும் காலம் முடிய வேண்டும்.

இவை நடக்காத காரியங்களா? நடத்திக் காட்டியிருக்கிறார்கள். கூடிப் பேசி விதி செய்யவும், அந்த விதிக்குத் தாங்களே கட்டுப்படவும், கடைசி ஆள் கரை சேரும்வரை காத்திருக்கவும் உழைக்கிறவர்களால் முடியும் என்று நிரூபித்திருக்கிறார்கள்.

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! உங்கள் சங்கக் கூட்டத்தில் அடுத்த முறை கூலி விஷயம் வரும்போது, கூலி எவ்வளவு என்பதோடு நிற்காதீர்கள். அதைக் கணக்குப் போடும் விதியை யார் எழுதினார், யாரைக் கேட்டு எழுதினார் என்றும் கேளுங்கள். தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்!